ஃபர்னஸை மாற்றிய பின் பழைய புகைபோக்கியில் தனித்து நிற்கும் சுடுநீர்த் தாங்கி பாதுகாப்பானதா?

கேள்வி: ஸ்காபரோ வீட்டுக்காரர்

வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட செங்கல் பங்களா ஒன்றில் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் வசிக்கிறோம். பேஸ்மென்டில், அதாவது நிலத்தடித் தளத்தில், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் பழையது. அதன் தகரக் குழாயும் அருகே நிற்கும் சுடுநீர்த் தாங்கியின் குழாயும் ஓரிடத்தில் சேர்ந்து, வீட்டின் வெளிச்சுவரை ஒட்டி எழும் செங்கல் புகைபோக்கிக்குள் செல்கின்றன. குளிர்காலத்துக்கு முன் ஃபர்னஸை மாற்ற வேண்டும் என்பதால் இரண்டு ஒப்பந்தக்காரர்களை அழைத்துப் பார்த்தோம்.

முதலாமவர், புதிய உயர்திறன் ஃபர்னஸுக்கு இரண்டு பிளாஸ்டிக் குழாய்களைப் பக்கச் சுவர் வழியே வெளியே விட்டால் போதும் என்றும், சுடுநீர்த் தாங்கி பழையபடியே புகைபோக்கியில் இருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டாமவரோ, புகைபோக்கிக்குள் உலோக உறை இறக்க வேண்டும் அல்லது தாங்கியையே வேறு வகைக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாம் வேலையை ஏற்க மாட்டேன் என்றார். செலவில் கணிசமான வேறுபாடு இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகப் பெரிய ஃபர்னஸையும் தாங்கியையும் சேர்த்தே சுமந்த புகைபோக்கி, இப்போது தாங்கியை மட்டும் சுமக்க முடியாமல் போவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. சுமை குறைந்தால் ஆபத்தும் குறையத்தானே வேண்டும்?

பெற்றோர் இருவரும் பேஸ்மென்டில்தான் உறங்குகிறார்கள். ஆகவே மலிவானது எது என்பதைவிடச் சரியானது எது என்பதே என் கேள்வி.

பதில்: நீலச்சுடர்

வணக்கம். நான் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜி2 உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். இரண்டாமவர் சொன்னதே சரி.

புகைபோக்கி சுமை தாங்கும் தூண் அல்ல. சூடான வாயு இலேசானது, ஆகவே மேலெழும். அந்த எழுச்சியைத் தவிர உங்கள் பழைய தாங்கியின் புகையை வெளியே தள்ள வேறு எந்த விசையும் இல்லை, விசிறியும் இல்லை. புகைபோக்கி எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இழுவை கிடைக்கும். பழைய ஃபர்னஸ்கள் பெரும்பாலும் மணிக்கு 80,000 முதல் 1,00,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வரை எரிக்கும். அவற்றின் புகையும் நல்ல சூட்டோடு வெளியேறும். இத்தனை காலமும் செங்கல்லைச் சூடாக்கி, தாங்கியின் புகையையும் சேர்த்து மேலே இழுத்துச் சென்றது அந்த வெப்பம்தான். வீடுகளில் உள்ள சாதாரணத் தாங்கியோ 40,000 பிடியு அளவில்தான் எரிகிறது, அதுவும் விட்டுவிட்டு. ஃபர்னஸை அகற்றிவிட்டால், பெரிய மண்டபத்தில் ஏற்றிய ஒற்றைக் குத்துவிளக்கைப் போல அந்தச் சிறு சூடு அகன்ற செங்கல் குழாயில் தொலைந்துபோகும். இப்படி விடப்பட்ட தாங்கியை எங்கள் தொழிலில் அநாதைத் தாங்கி என்றே சொல்கிறோம்.

இதனால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. முதலாவது, இழுவை குறைந்து புகை தாங்கியின் தலையில் உள்ள திறந்த கூம்பின் வழியே திரும்பி அறைக்குள் வழிவது. இரண்டாவது, மெதுவாக நடப்பதால் பலர் கவனிக்காத ஈரம். இயற்கை எரிவாயு எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. 1,00,000 பிடியு எரிந்தால் 4 லீற்றருக்கும் சற்று அதிகமான தண்ணீர் ஆவியாகப் புகையோடு செல்லும். அந்தப் புகை ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் ஆவி நீராகப் படியும். வெளிச்சுவரை ஒட்டிய உங்கள் புகைபோக்கி, மூன்று பக்கமும் சனவரிக் குளிரில் நிற்கும். உள்ளே படியும் அமிலத்தன்மையுள்ள நீர் சாந்தைக் கரைக்கும், உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் சுட்டமண் குழாயை வெடிக்கச் செய்யும். சில ஆண்டுகளில் துண்டுகள் உதிர்ந்து அடியில் குவிந்து, புகை நுழையும் வாயையே அடைத்துவிடக்கூடும். வெளியே வெண்ணிற உப்புப் படிவும் உதிர்ந்த செங்கல் முகங்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் உள்ளே நிலைமை அதைவிட மோசமாகவே இருக்கும்.

அடைபட்ட புகைவழி என்ன செய்யும் என்பதை ஒன்ராறியோ அறிந்திருக்கிறது. 2008 டிசம்பரில் வூட்ஸ்ரொக் நகரில் காவல்துறை அதிகாரி லோரி ஹாக்கின்ஸ், அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் ஆகிய நால்வரும் இறந்தது, எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பியதால்தான். தாங்கியைப் புகைபோக்கியிலேயே விடலாம் என்று யாராவது இலகுவாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பத்தின் நினைவு வரும்.

தீர்வுகள் மூன்று. புகைபோக்கிக்குள் தாங்கியின் அளவுக்குக் கணக்கிட்ட அலுமினிய அல்லது துருப்பிடிக்காத எஃகு உறையை இறக்கி, மேலே தகுந்த மூடி வைப்பது ஒன்று. புகைபோக்கியைக் கைவிட்டு, சொந்த விசிறியால் புகையைப் பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியே தள்ளும் பவர் வென்ட் தாங்கியைப் பொருத்துவது இரண்டாவது. தாங்கியே இல்லாத, வெளிக்காற்றைக் குழாய் வழியே எடுத்து எரிக்கும் சூடேற்றியை வைப்பது மூன்றாவது. பேஸ்மென்டில் முதியவர்கள் உறங்கும் வீடென்றால் நான் பின்னிரண்டில் ஒன்றையே பரிந்துரைப்பேன். ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள்: பவர் வென்ட் தாங்கிக்கு மின்சாரம் வேண்டும், மின்தடையின்போது அது புதிதாகத் தண்ணீரைச் சூடாக்காது. எந்த வழியானாலும், பழைய ஃபர்னஸ் குழாய் புகைபோக்கியில் நுழைந்த துளையை முறைப்படி அடைக்க வேண்டும். துணியைத் திணித்து மேலே தகரம் ஒட்டிவிட்டுப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பதில்: காற்றோட்டம்

நீலச்சுடர் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் வீடுகளின் ஆற்றல் இழப்பை அளக்கும் பணியில் இருப்பவன். புகை வெளியேறுமா, திரும்புமா என்பதைப் புகைபோக்கி மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டின் காற்றழுத்தமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

இயற்கை இழுவையில் இயங்கும் தாங்கிக்குக் கிடைக்கும் இழுவிசை மிகச் சிறியது. வீட்டுக்குள் அழுத்தம் வெளியைவிட 5 பாஸ்கலுக்கு மேல் குறையக் கூடாது என்பதே இத்தகைய கருவிகளுக்கு நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை. இதை மீறுவதற்கு நம் வீட்டுச் சமையலறை ஒன்றே போதும். தாளிப்பு வாசனையும் எண்ணெய்ப் புகையும் வீட்டில் தங்கக் கூடாது என்பதற்காக நம்மவர்கள் நிமிடத்துக்கு 600 கன அடி, 900 கன அடி என்று சக்திவாய்ந்த உறிஞ்சு விசிறிகளைப் பொருத்துகிறோம். 600 கன அடி என்பது ஏறத்தாழ 17 கன மீற்றர். நடுத்தர அளவுள்ள ஒரு பேஸ்மென்டின் காற்று முழுவதையும் கால் மணி நேரத்துக்குள் வெளியேற்றும் அளவு அது. அதே நேரத்தில் துணி உலர்த்தியும் குளியலறை விசிறியும் ஓடினால், வெளியேறிய காற்றுக்கு ஈடாக ஏதாவது ஒரு வழியில் காற்று உள்ளே வந்தே ஆக வேண்டும். யன்னல்கள் எல்லாம் புதிதாக இறுக்கி அடைக்கப்பட்ட வீட்டில் அது வரக்கூடிய மிக இலகுவான பாதை தாங்கியின் புகைபோக்கிதான். மேலே சாம்பார் கொதிக்கும்போது கீழே புகை தலைகீழாக இறங்குகிறது.

பேஸ்மென்டைத் தடுத்து அறைகள் கட்டியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஃபர்னஸும் தாங்கியும் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி இறுக்கமான கதவு போட்டிருந்தால், அவை எரிவதற்குத் தேவையான காற்றும் தடைபடுகிறது. ஒரு கன அடி எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன அடி காற்று வேண்டும். காற்று போதாதபோதுதான் கார்பன் முழுதாக எரியாமல் கார்பன் மொனொக்சைட் அளவு மீறி உண்டாகிறது. அந்த அறைக்கென்று வெளியிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் குளிர்காற்று வருகிறது என்று துணியால் அடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைத் தேடிப் பார்த்து, அடைப்பு இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. எல்லா யன்னல்களையும் வெளிக்கதவுகளையும் அடைத்து, சமையலறை விசிறி, குளியலறை விசிறிகள், துணி உலர்த்தி அனைத்தையும் ஓட விடுங்கள். பிறகு சுடுநீர்க் குழாயைத் திறந்து தாங்கி எரியத் தொடங்கச் செய்யுங்கள். 5 நிமிடம் கழித்து, எரியும் ஊதுபத்தி ஒன்றைத் தாங்கியின் தலையில் உள்ள கூம்பின் ஓரத்தில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் அந்த நேரத்தில் இழுவை இருக்கிறது. வெளியே தள்ளப்பட்டால் எரிபுகையும் அப்படியே அறைக்குள் வழிகிறது என்று பொருள், தாங்கியையும் விசிறிகளையும் அணைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள். சோதனையில் தேறினாலும் அது அன்றைய காற்றுக்கும் குளிருக்கும் மட்டுமே சான்று என்பதால், புகைபோக்கியைப் பரிசோதிக்காமல் விடுவதற்கு அதைக் காரணமாக்க வேண்டாம்.

ஸ்காபரோ வீட்டுக்காரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஊதுபத்திச் சோதனையைச் செய்தோம். சமையலறை விசிறியை முழு வேகத்தில் விட்டபோது புகை கூம்பின் உள்ளே போகாமல் ஓரத்தில் சுழன்று வெளியே வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டோம், பெற்றோர் இப்போது மேல்தளத்தில் உறங்குகிறார்கள். தாங்கி வாடகைக்கு எடுத்தது என்பதால் அந்த நிறுவனத்துக்கும் அறிவித்திருக்கிறேன்.

இனி ஃபர்னஸின் புதிய குழாய் பற்றி ஒரு சந்தேகம். பக்கச் சுவரில் வெளியே விட்டால் அது பக்கத்து வீட்டாரோடு பகிரும் கார்ப் பாதையின் மேல் வரும். காஸ் மீட்டரும் அதே சுவரில்தான் இருக்கிறது. பின்பக்கம் விட்டால் மரத்தளத்தின் அடியில் வரும். அதை நாங்கள் மூன்று பக்கமும் பலகையால் அடைத்துச் சாமான்கள் வைத்திருக்கிறோம். மேலும், முதலாவது ஒப்பந்தக்காரர் கடையில் கிடைக்கும் எந்த வெள்ளைக் குழாயும் போதும் என்கிறார். அது சரியா?

பதில்: நீலச்சுடர்

பெற்றோரை மேலே அழைத்துச் சென்றது மிக நல்ல முடிவு. தொழில்நுட்பர் வந்து பார்த்து அனுமதிக்கும் வரை அந்தத் தாங்கியை மீண்டும் எரிய விடாதீர்கள். உடனடி ஆபத்து என்று கண்டால் எரிவாயுவை நிறுத்தி, பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கைச் சீட்டைக் கட்ட வேண்டியது அவருடைய கடமை. அதைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.

குழாய் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கனடாவில் இப்போது விற்கப்படும் புதிய வீட்டு ஃபர்னஸ்கள் குறைந்தது 95 விழுக்காடு திறன் கொண்டவை. புகையிலுள்ள ஆவியையும் நீராக்கி அதன் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், வெளியேறும் புகை குளிர்ந்திருக்கும், ஈரமாகவும் இருக்கும், விசிறியின் அழுத்தத்தில் தள்ளப்படும். ஆகவே குழாயின் ஒவ்வொரு மூட்டும் காற்றுப் புகாதபடி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். சாக்கடைக்கும் தண்ணீருக்கும் விற்கும் வெள்ளைக் குழாய் இதற்கு ஆகாது. இத்தகைய புகைக்குழாய்களுக்கான கனடியத் தரநிலையான யுஎல்சி எஸ்636 என்று குழாயின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும்; சாதாரண பிவிசி வகை 65 பாகை வரைக்கும், சிபிவிசி வகை 90 பாகை வரைக்கும் சான்று பெற்றவை. குழாய், மூட்டு, பூச்சு, பசை ஆகிய நான்கும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும்; ஒன்றின் பசையை மற்றொன்றின் குழாயில் பூசக் கூடாது. எந்த வெள்ளைக் குழாயும் போதும் என்பவரிடம் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இடம் குறித்து: கனடாவின் எரிவாயு நிறுவல் விதித்தொகுப்பு, சிஎஸ்ஏ பி149.1, தெளிவாக வரையறுக்கிறது. இரண்டு தனி வீடுகளுக்கிடையே இரண்டுக்கும் பொதுவாக உள்ள நடைபாதைக்கோ கார்ப் பாதைக்கோ நேர் மேலே புகைவாய் வரக் கூடாது. புகையின் ஈரம் சொட்டித் தரையில் பனிக்கட்டியாகும், அடுத்த வீட்டு யன்னலுக்கும் புகை போகும். ஆகவே உங்கள் பக்கச் சுவர் இதற்குப் பொருந்தாது. எரிவாயு மீட்டரில் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் மூச்சுத்துளையிலிருந்தும் 3 அடி விலகியிருக்க வேண்டும். மரத்தளத்தின் அடியில் விடுவதானால் தளத்தின் கீழ்ப்பகுதி குறைந்தது இரண்டு பக்கம் முழுமையாகத் திறந்திருக்க வேண்டும். நீங்கள் மூன்று பக்கம் அடைத்திருப்பதால் இப்போதைய நிலையில் அதுவும் முடியாது. பலகைகளை அகற்றினால் விதி இடம் தரும் என்றாலும், வெளியேறும் ஈரம் மரத்தில் படிந்து உளுத்துப்போகச் செய்யும் என்பதால், தளத்தைத் தாண்டிய பின்சுவர்ப் பகுதியையோ முன்சுவரையோ தேடுவதே நல்லது. இரண்டும் கிடைக்காவிட்டால் கூரை வழியே மேலே கொண்டு செல்லலாம். உங்கள் பழைய புகைபோக்கி வேறு எதற்கும் பயன்படாத நிலையில் அதற்குள்ளேயே குழாயை ஏற்றவும் முடியும்.

எரிவதற்கு வேண்டிய காற்றும் (எரிகாற்று) வெளியிலிருந்தே வரும் இரட்டைக் குழாய் முறைக்கு, திறக்கும் யன்னல், கதவு ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய தூரம் ஃபர்னஸின் அளவைப் பொறுத்தது: 1,00,000 பிடியு வரை 12 அங்குலம், அதற்கு மேல் 36 அங்குலம். காற்றுப் பரிமாற்றக் கருவி போன்ற இயந்திரக் காற்று உள்வாயிலிருந்து 6 அடி. புகைவாய் 12 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை வெறும் தரையிலிருந்து அல்லாமல், அந்த இடத்தில் சேரக்கூடிய பனியின் மேல்மட்டத்திலிருந்து கணக்கிட வேண்டும். பனியள்ளும்போது சுவரோரம் குவிக்கும் வழக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை விதியின் குறைந்தபட்ச அளவுகள். தயாரிப்பாளரின் கையேடு இதைவிடக் கடுமையாகச் சொன்னால் கையேடே நிற்கும்.

இரட்டைக் குழாயை வலியுறுத்துவதற்கு உங்கள் வீட்டில் வேறொரு காரணமும் உண்டு. துணி துவைக்கும் இடம் அருகில் இருந்தால், வெளுப்பான்களிலிருந்து எழும் குளோரின் ஆவி எரிகாற்றோடு கலந்து வெப்பமாற்றியை அரிக்கும். வெளிக்காற்றை எடுக்கும் ஃபர்னஸுக்கு அந்தத் தொல்லை இல்லை, சமையலறை விசிறியோடு காற்றுக்காகப் போட்டியிட வேண்டிய நிலையும் இல்லை.

வேலை நடக்கும்போது குழாய் ஃபர்னஸை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று மட்டத்தை வைத்துப் பாருங்கள்: அடிக்குக் கால் அங்குலம். நீர் திரும்பி வந்து வடிகாலுக்குச் செல்ல இது வேண்டும். நடுவில் தொய்வு விழுந்தால் அங்கே நீர் தேங்கி, அழுத்தச் சுவிட்ச் ஃபர்னஸை நிறுத்திவிடும். கடுங்குளிர் இரவில் ஃபர்னஸ் திடீரென நின்றால் முதலில் வெளியே போய்ப் புகைவாயிலும் காற்று வாயிலும் பனி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சுவிட்சை யாரும் கம்பியால் இணைத்து ஓட வைக்க அனுமதிக்காதீர்கள்.

கையொப்பமிடுவதற்கு முன், ஒப்பந்தக்காரர் ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏயில் பதிவு பெற்றவரா என்றும், உண்மையில் வேலைக்கு வருபவரின் உரிம அட்டை ஜி2 அல்லது ஜி1 தானா என்றும் கேட்டுப் பாருங்கள். ஜி3 உரிமம் உள்ளவர் மேற்பார்வையின் கீழ்தான் வேலை செய்யலாம். உறவினர், தெரிந்தவர் என்பதற்காக இதைக் கேட்கத் தயங்குபவர்கள் நம்மில் அதிகம். உரிமம் உள்ள எவரும் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பதில்: மிசிசாகா தாதி

குழாய்களைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை; உங்கள் பெற்றோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்பன் மொனொக்சைட் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், அசதி என்று தொடங்குவதால் முதியவர்கள் அதைக் குளிர்க் காய்ச்சல் என்றோ இரத்த அழுத்தம் என்றோ எண்ணிப் படுத்துவிடுகிறார்கள். வீட்டை விட்டு வெளியே சென்றால் குணமாகி, திரும்பி வந்தால் மீண்டும் தொடங்கும் தலைவலி அவர்களுக்கு இந்த மாதங்களில் இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால், தாங்கியின் புகை திரும்பியதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அந்தத் திசையில் யாரும் பார்க்க மாட்டார்கள். இதய நோய் உள்ளவர் என்றால் இன்றே சொல்லுங்கள்.

கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வூட்ஸ்ரொக் குடும்பத்தின் பெயரால் 2013இல் நிறைவேறிய ஹாக்கின்ஸ் கிஞ்ஞாக் சட்டத்துக்குப் பின், எரிபொருள் கருவி உள்ள ஒன்ராறியோ வீடுகளில் உறங்கும் அறைகளுக்கு அருகில் அது கட்டாயம். 2026 சனவரி 1 முதல் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும். கருவியின் பின்புறத்தில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும். திகதி கடந்ததைச் சோதனைப் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறது என்று நம்ப வேண்டாம். பொத்தான் ஒலியைத்தான் சோதிக்கிறது, உணரியை அல்ல. மேலும், பத்து இலட்சத்தில் 70 பங்கு என்ற அளவில் வாயு இருந்தால் கருவி ஒலிக்க ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும்படிதான் தரநிலையே அமைந்திருக்கிறது. உடல்நலம் குன்றியவர்களுக்கு அது நீண்ட நேரம். ஆகையால், எண் காட்டும் கருவியாக வாங்கி, பூச்சியத்துக்கு மேல் எதைக் காட்டினாலும் காரணத்தைத் தேடுங்கள். அது ஒலித்தால் யன்னல் திறப்பதற்கோ உடை மாற்றுவதற்கோ நிற்காமல் எல்லோரும் வெளியேறி, வெளியே நின்றே அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள்.

அம்மா அப்பா மீண்டும் பேஸ்மென்டுக்கு இறங்குவதற்கு முன் அந்தப் படுக்கையறை வாசலிலும் ஒரு கருவியை வைத்துவிடுங்கள்.